தண்ணீர் லாரிக்குக் குக்கி எழுதிய அக்கா

அன்றைக்குக் காலையில் திருச்சுழியில் என் கடைக்குள் இருந்தவர்கள் ஏழு பேர். தண்ணீர் லாரி அண்ணாச்சி. லாரி இரண்டும் அவருடையவை, என் கடை இருக்கிற கட்டடமும் அவருடையது. அவருடைய டிரைவர். நரிக்குடி ரோட்டில் மிளகாய் போட்டிருந்த ஒரு சம்சாரி. மகளுக்குப் பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காலிக் குடத்தோடு வந்து நின்ற ஒரு அம்மா. அந்த அக்கா. அக்காவை பைக்கில் கொண்டுவந்து விட்ட அவருடைய கொழுந்தன். ஏழாவது நான்.

இந்த ஏழு பேரில் நடந்தது என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் புகுந்த வீட்டில் யார் கண்ணிலாவது இது பட்டால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு எதற்கும் பயம்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றதுகூடப் பரீட்சைப் பயத்தில்தான். பூட்டின கடைக்கு மூன்று தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், சுவரில் ஒரு மின்விசிறி. சாதிச் சான்று, பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

அக்கா முதன்முதலில் வந்தது வைஃபைக்காக. திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊருக்கு மருமகளாக வந்தவர். வீட்டுக்காரர் குவைத்தில். அக்காவுக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றிருந்தார்கள். ஆனால் வீட்டில் சிக்னல் கிடையாது. கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் போன் பேசலாம், அவ்வளவுதான். மாமனாரிடம் கேட்டு, கெஞ்சி, கடைசியில் காலை பத்து மணி பஸ்ஸில் வந்து நாலு மணி பஸ்ஸில் திரும்ப உத்தரவு வாங்கியிருந்தார். மாமனார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பேர் கெடக் கூடாது. கெட்டால் மறுநாளிலிருந்து வீட்டோடு.

மாதம் ஆயிரத்து ஐந்நூறு வாடகைக்கு என் கடையின் பின் மூலையில் ஒரு மேசை. அன்றே அவருடைய குணம் தெரிந்துவிட்டது. "லைன் அடிக்கடி கட்டாகுமா?" என்று என்னிடம் கேட்டார். "கட்டாகாதுக்கா" என்றேன். வெளியே போய்ப் பக்கத்து மருந்துக்கடையில் கேட்டார், எதிரே டீக்கடை அம்மாவிடம் கேட்டார். திரும்பி வந்து, "நீ சொன்னது சரிதான்" என்று பையை மேசையில் வைத்தார்.

டீக்கடை அம்மாவுக்கும் அவருக்கும் தினமும் ஒரு சண்டை.

"சீனி போடலைல்ல?"

"போடலத்தா."

ஒரு ஸ்பூனில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"ஏத்தா, நான் என்ன உனக்கு வெசமா வைக்கப் போறேன்? அந்த ஸ்பூனக் கழுவுறது யாரு, உன் மாமியாளா?"

"உங்களை நம்பலைன்னு இல்ல அத்தே. உங்க கையை நம்பலை. அது பழக்கத்துல அள்ளிப் போட்டுரும்."

காரியாபட்டி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் கேட்பார், டிரைவரிடம் கேட்பார், உட்கார்ந்திருக்கிற கிழவரிடமும் கேட்பார். வீட்டுக்காரர் ஒருநாள் வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா குரலைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுல ஆடு எத்தனை?" என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

"இருபத்தி மூணு. முந்தாநாள் ஒண்ணு ரெட்டைக் குட்டி போட்டுச்சாமே, அதையும் சேத்தா இருபத்தஞ்சு. போதுமாடி? கட்டுன பொண்டாட்டிட்ட பேசுறதுக்கு ஓடிபி சொல்ல வேண்டியிருக்கு."

"அப்ப நீங்கதான். சொல்லுங்க" என்றார் அக்கா, சிரிக்காமல்.

பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் லாரி வேலை வந்தபோதுதான் அது அவருடைய தொழிலிலேயே இருக்கிறது என்று புரிந்தது.

அண்ணாச்சிக்குக் கோடை பிறந்தால் போன் ஓயாது. ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை லாரி போகும், ஒரு வீட்டை மறந்தே போவார். "போன்லயே ஆளாளுக்குப் பதிஞ்சுக்கிற மாதிரி எவனாவது செஞ்சு குடுப்பானா?" என்று என்னிடம் கேட்டார். நான் பின் மூலையைக் காட்டினேன். பதினைந்தாயிரம் பேசி, ஐயாயிரம் முன்பணம் கொடுத்தார். கம்பெனிச் சம்பளம் மாமனார் பார்க்கிற பாஸ்புக்கில் விழுந்தது. இந்தப் பதினைந்தாயிரம் அந்த வீட்டுக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவருடைய கைக்கென்று வந்த முதல் காசு அது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கினார். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் இணையப் பக்கத்தில் படம் ஆட வைக்கிறது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். அதே ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிலும் ஓடும் என்றார்.

"சர்வருக்கு ஞாபகமே கிடையாதுடி. இப்ப பேசிட்டுப் போன ஆளு ஒரு நிமிஷம் கழிச்சு வந்தாலும் 'யாரு நீங்க'ன்னுதான் கேக்கும். அதனால முதல் தடவை நம்பர், ஓடிபி எல்லாம் சரி பாத்ததும், அவங்க பிரவுசர் கையில ஒரு சீட்டு குடுத்து அனுப்புறோம். அதுதான் குக்கி. அடுத்து அந்த பிரவுசர் எப்ப வந்தாலும் சீட்டை நீட்டும். சர்வர் அதை வாங்கிப் படிச்சு, 'ஓ, நீங்க பதினாலாம் நம்பர் வீடா, எத்தனை லோடு வேணும்'னு கேக்கும்."

திரையில் இரண்டு வரிகளைக் காட்டினார். ஒன்று சீட்டு எழுதிக் கொடுக்கிற வரி, இன்னொன்று வந்த சீட்டைப் படிக்கிற வரி. ஒரு தினுசான விஷயம் சொன்னார்: இப்போது கொடுத்த சீட்டை இப்போதே திருப்பிக் கேட்டால் கிடைக்காது. அது வெளியே போய், அடுத்த தடவை அந்த ஆளோடு சேர்ந்துதான் வரும். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் முழிப்பார்களாம்.

"வெளிய போயிட்டு வருதுல்ல, அங்கதான் வினையே" என்றார். பிரவுசருக்குள் எங்கேயோ போய் அந்தச் சீட்டைத் திறந்து காட்டினார். "இந்தா, பதினாலை அழிச்சிட்டு பதினஞ்சுன்னு போடு."

அவர் சொன்ன மாதிரியே போட்டேன். பக்கத்தைத் திரும்பத் திறந்தால், மறுபடி நம்பர் கேட்டது. உள்ளே விடவில்லை.

"பாத்தியா? நான் குடுக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நீ ஒரு எழுத்தை மாத்தினாலும் கையெழுத்து ஒட்டாது. வெளிய போயிட்டு வந்தது எதையும் போன மாதிரியே வந்திருக்குன்னு நம்பக் கூடாது."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை மூடினார். பிறகு வேறு எதையோ சொல்வது போல, "எங்க மாமா தினம் சாயங்காலம் என் பையைத் திறந்து பாப்பாரு. எந்த பஸ்ஸு, பக்கத்து சீட்டுல யாருன்னு கேப்பாரு" என்றார். நான் விரலில் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்தேன்.

அப்படிப்பட்டவர் சோதிக்காமல் விட்ட ஒரே ஆள் நான்தான். நான் கொடுக்கிற சில்லறையை எண்ணாமல் பையில் போடுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உன்னை எதுக்குடி சோதிக்கணும்? நீதான் பூட்டை மூணு தடவை இழுக்குறவளாச்சே. பயந்தவ பொய் சொல்ல மாட்டா" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் அறிவாளி, ஆனால் அவருக்கு இது தெரியவில்லை. பயந்தவள்தான் பொய் சொல்வாள். தைரியம் இருக்கிறவளுக்குப் பொய் எதற்கு?

லாரிப் பதிவு பங்குனிக் கடைசியில் ஓட ஆரம்பித்தது. டச் போன் இருக்கிறவர்கள் அவரவர் போனில் போட்டார்கள். பட்டன் போன்காரர்கள் என் கடைக்கு வந்தார்கள். அங்கேதான் அக்காவுக்கு ஒரு யோசனை. அவரவர் போனில் என்றால் சீட்டு எத்தனை நாள் இருந்தாலும் பரவாயில்லை. என் கடையிலோ ஒரே பிரவுசர், ஊர் முழுக்க வந்து போகிற பிரவுசர். அதனால் சீட்டுக்கு நாள் கணக்கு எதுவும் எழுதாமல் விட்டார். நாள் போடாத சீட்டு, பிரவுசரை முழுசாக மூடினதும் தானாகவே கிழிந்துவிடுமாம். வெளியேறுவதற்குத் தனியாக ஒரு பொத்தான் அடுத்த மாதம் வைக்கிறேன் என்றார். திரை ரோட்டைப் பார்த்து இருக்கிறது, யார் பெயரும் நம்பரும் போகிற வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று பெயரை அந்த இணையப் பக்கத்தில் காட்டவும் இல்லை.

"ஒரு ஆளு முடிஞ்சதும் பிரவுசரை மூடணும். மேல தெரியுற ஒரு தாளை, டேப்னு சொல்றோம்ல, அதை மட்டும் இல்ல, மொத்தத்தையும். புரியுதா?"

"புரியுதுக்கா."

மூன்று வாரம் ஒழுங்காக மூடினேன். ஒருநாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர்தான் வருவார்கள்.

பிறகு ஊராட்சி மோட்டார் புகைந்து நின்றது. அன்றைக்கு அக்கா வீட்டில் குலசாமிக்குப் பொங்கல், அவர் கடைக்கு வரவில்லை. காலை பத்து மணிக்கே என் கடை வாசலில் கூட்டம். முதலில் வந்தவர் அந்த மிளகாய்ச் சம்சாரி. நம்பர் போட்டு, ஓடிபி கேட்டு, ஒரு லோடு பதிந்தேன். மூட வேண்டும். ஆனால் அதே பிரவுசரில் இன்னொரு தாளில் ஒரு காலேஜ் பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம் பாதி நிரப்பிக் கிடந்தது. அன்றோடு கடைசி நாள். பாஸ்புக் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். மூடினால் ஒன்றரை மணி நேரம் அடித்தது எல்லாம் போய்விடும், திரும்ப அந்தத் தளம் திறக்குமா என்பதே சந்தேகம். லாரித் தாளை மட்டும் மூடினேன்.

அடுத்த ஆளுக்குத் திறந்தபோது அது நம்பர் கேட்கவில்லை. நேராக 'எத்தனை லோடு' என்று கேட்டது.

நான் அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஆனால் கவனித்தேன். அக்கா சுலபமாக்கி மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. பின்னால், "சீக்கிரம் போடு தாயி, வெயிலு மண்டையப் பொளக்குது" என்று குரல்கள். எட்டுப் பேருக்குப் போட்டேன்.

நாலரை மணிக்கு அக்கா கூப்பிட்டார். கண்மாய்க் கரைக் காற்று போனில் இரைந்தது.

"கூட்டமாமே? ஒவ்வொரு ஆளுக்கும் மூடி மூடித்தானே போடுற?"

அப்போது சொல்லியிருக்கலாம். பாதி லோடுதான் போயிருந்தது. அங்கிருந்தே அண்ணாச்சிக்குப் பேசி நிறுத்தியிருப்பார். என் வாயில் வந்தது என்னவோ, "ஆமாக்கா, மூடித்தான்."

"சரிடி" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். டீயைத் தொட்டுப் பார்க்கிறவர், பஸ்ஸுக்கு மூன்று பேரைக் கேட்கிறவர்.

மறுநாள் காலையில்தான் அந்த ஏழு பேர்.

"எட்டு வீடு காலிக் குடத்தோட நிக்குது, ஒத்த வீட்டுக்கு ஒம்போது லாரி போயிருக்கு!" அண்ணாச்சி டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, ரெண்டாவது லோடுலயே உனக்குச் சந்தேகம் வரலையா?"

"காதுகுத்து கீதுகுத்து வச்சிருக்காகன்னு நெனச்சேன் அண்ணாச்சி. இவுகளும் 'ஊத்துய்யா ஊத்துய்யா'ன்னு சொன்னாக."

சம்சாரி துண்டை உதறித் தோளில் போட்டார். "வாசலுக்கு வந்த தண்ணிய வேணாம்னு சொல்ல நான் என்ன கிறுக்கனா? தொட்டி நெறஞ்சது, மிளகாக்குப் பாச்சுனேன். நான் கேட்டது ஒரு லோடு, அதுக்குக் காசு தாரேன். மத்ததுக்கு எவன் அனுப்புனானோ அவன்ட்ட வாங்கிக்கங்க."

பிள்ளை பெற்ற வீட்டு அம்மா குடத்தைக் கீழே வைக்கவேயில்லை. "எனக்கு நியாயம் எதுவும் வேணாம்யா. பச்ச ஒடம்புக்காரிக்கு வெந்நி வைக்கணும். ஒரு குடம் ஊத்தச் சொல்லுங்க" என்றார்.

அக்கா என் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து சர்வரில் எதையோ திறந்து மேலிருந்து கீழே படித்தார். படித்து முடித்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். 'அக்கா மூடச் சொன்னாங்க, நான்தான் மூடலை' என்று ஐந்து வார்த்தை. சொன்னால் எட்டு லோடுக் காசு என் தலையில், கடையையும் அண்ணாச்சி காலி செய்யச் சொல்வார். சொல்லாவிட்டால் அக்கா இனிமேல் பஸ் ஏற முடியாது. இரண்டும் தெரிந்துதான் நின்றேன்.

"என் தப்புதான் அண்ணாச்சி. நான் எழுதுனதுலதான் ஓட்டை" என்றார் அக்கா.

"எட்டு லோடு, எண்ணூறு வீதம் ஆறாயிரத்து நானூறு. உனக்குத் தர வேண்டியதுல கழிச்சுக்கிருவேன்."

"கழிச்சுக்கங்க. முதல்ல இந்த அம்மா வீட்டுக்கு லாரி அனுப்புங்க."

கொழுந்தன் அதுவரை வாசலில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "காசா? என்ன காசு மதினி? எங்களுக்குத் தெரியாம என்ன காசு?" என்றான். அப்புறம் எல்லாரும் கேட்கும்படி, "வேல பாக்கேன்னு டவுனுக்கு வந்து ஊரு தண்ணியவே கெடுத்துட்டீக. நல்ல பேருதான். வாங்க, அப்பா கூட்டியாரச் சொல்லிட்டாக."

அக்கா லேப்டாப்பைப் பையில் வைத்தார். பைக்கில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. போகும் முன் அண்ணாச்சி மேசையில் வைத்த மூவாயிரத்து அறுநூற்றையும் கொழுந்தன்தான் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பின் மூலை மேசையில் உட்காரவும் முடியாமல், அதை நகர்த்தவும் முடியாமல் இருந்தேன். கடைசியில் ஆயிரம் ரூபாயை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். மாமியார் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர்க்காரப் பிள்ளையா? கொட்டத்துல இருக்கா, போ" என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டுக்கொட்டத்தில் அக்கா புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி வேலை போய்விட்டது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது.

"அக்கா, அன்னைக்கு நான் மூடலைக்கா" என்றேன்.

"தெரியும்." விளக்குமாறு நிற்கவில்லை. "பத்து இருபதுக்குக் குடுத்த அதே சீட்டுதான் மூணு மணி வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு. சர்வருல பாத்தேன்."

"அப்ப ஏன்க்கா என்னைச் சொல்லலை?"

"நீ மூடுவேன்னு நம்பி எழுதுனேன்ல, அது என் தப்புதான். நீ மூடாட்டியும் தாங்குற மாதிரி எழுதியிருக்கணும். தொழில்ல அது பாலபாடம்." ஒரு குட்டியைக் காலால் மெல்ல ஒதுக்கினார். "ஆனா நீ சொல்லியிருக்கலாம்டி. நாலரை மணிக்காவது."

நான் ஆயிரத்தை எடுத்தேன். சட்டென்று என் கையை மடக்கினார். மாமியார் இருந்த பக்கம் பார்த்தார்.

"இங்க தராத. இந்த வீட்டுல என் கைக்கு வந்தது எதுவும் என் கையில தங்காது. போன்லயும் அனுப்பாத, போனு கொழுந்தன்ட்ட இருக்கு. யார்ட்டயும் குடுத்து விடாத. வெளிய என்னைப் பாக்குறப்ப, என் கையில குடு."

"எப்பக்கா வெளிய வருவீங்க?"

அவர் குனிந்து மறுபடி புழுக்கை கூட்ட ஆரம்பித்தார்.

அண்ணாச்சியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவர் கட்டடத்தில்தான் கடை. ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று போவேன், ரசீது வாங்கிக்கொண்டு வருவேன். லாரிப் பதிவு பழையபடி போனுக்கே போய்விட்டது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு தடவை பார்த்தேன். மாமியாருக்குக் கண் காட்ட அருப்புக்கோட்டைக்குப் போகிறார்கள். திருச்சுழியில் பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். மாமியார் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கியதைக் கடையிலிருந்தே பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்த நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். ஜன்னல் வழியாக நீட்டினேன். அக்கா இளைத்திருந்தார். கை நீட்டி வாங்கினார். மடியில் முந்தானைக்குக் கீழே வைத்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். மறுபடியும் ஒரு தடவை எண்ணினார்.

"ரெண்டாயிரம் இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல்.

மாமியார் படியில் கால் வைத்தார். நான் விலகி நின்றேன். பஸ் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவரை வெளியே பார்க்கவில்லை. நான் அவருக்குத் தர வேண்டியது இன்னும் நாலாயிரத்து நானூறு ரூபாய்.